கார் ஸ்பீக்கர் கூவலும் என் காதும்

கார் ஆடியோ தொழிலில் செட்டை மாட்டுவது அரை நாள் வேலை. மாட்டிய செட்டில் பாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் சத்தத்தை விரட்டுவதுதான் மீதி ஆயுள்.

சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகிற ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். புது ஸ்பீக்கர், சத்தத்தைப் பெருக்கும் புது ஆம்ப் எல்லாம் போட்டு ஆசை ஆசையாகப் பாட்டை வைத்தால், அதற்கு அடியில் 'உய்ங்' என்று ஒன்று கூடவே வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். முதல் நாள் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பக்கத்து சீட்டில் இருக்கும் வீட்டம்மா, "அது என்னது, கொசு மாதிரி?" என்று கேட்பார். அதோடு உங்கள் நிம்மதி போயிற்று. அதன் பிறகு உங்களுக்குப் பாட்டு கேட்காது, கொசு மட்டும்தான் கேட்கும். மறுநாள் காலையில் என் கடை வாசலில் நிற்பீர்கள்.

இந்தக் கொசுவை விரட்டுகிறவனுக்கு மீட்டர் வேண்டும், ஸ்பேனர் வேண்டும், பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் நல்ல காது வேண்டும். நாம் எல்லோரும் ஒரே கூவலால் நிம்மதி கெட்டவர்கள் என்பதால் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கு அது இல்லை.

பாதியில் இறங்கியவன்

திருத்தங்கலில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கும் தங்கராஜ் புதுக் கார் வாங்கிய கையோடு என்னிடம் வந்து செட் போட்டார். இரண்டாம் நாளே கூவலோடு திரும்பி வந்தார். தப்பு என் மேல்தான். அன்றைக்கு இருந்த அவசரத்தில் பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரையும், பாட்டைக் கொண்டுபோகும் சிக்னல் வயரையும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரே பக்கமாக ஓட்டியிருந்தேன். இரண்டையும் ஒட்டிப் படுக்கவைத்தால் பவர் வயரில் இருக்கும் இரைச்சல் சிக்னலில் ஏறிவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படிக்கிற பாடம் இது. அசடு வழிந்துகொண்டே கார்ப்பெட்டைக் கிளப்பி, சிக்னல் வயரை மறுபக்கம் மாற்றினேன்.

என்ஜினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, வால்யூமை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். கூவல் முன்னைக்குக் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. மெல்ல மிதித்தேன். உய்ங் என்று ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. "போயிருச்சு" என்றேன், கையைத் துடைத்துக்கொண்டே. தங்கராஜ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருடைய முகத்தைச் சுளிக்கவைக்கிற ஏதோ ஒன்று அந்தக் காருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அங்கே ஒன்றுமே இல்லை. மறுபடி மிதித்தேன். அதே இடம் வரைக்கும் ஏறியது, அதே இடத்தில் காணாமல் போனது.

செட்டுக்கு ஓர் இடத்திலும் ஆம்புக்கு வேறோர் இடத்திலும் எர்த் கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். தங்கராஜின் முகம் தெளிந்ததை வைத்துத்தான் வேலை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். கிளம்பும்போது தோளில் தட்டிவிட்டு அவர் சொன்னார்: "சத்தம் அங்கனயேதான் இருந்துச்சு அண்ணாச்சி, நீங்கதான் பாதியில இறங்கிட்டீக."

காது டாக்டர்

விருதுநகரில் ஒரு காது டாக்டரிடம் போனோம், நானும் என் மனைவி செல்வியும். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் கெட்டிச் சத்தமாக வந்தது, அழுத்தினேன். அப்புறம் கொஞ்சம் மெல்லிசாக வந்தது, அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது, நாமே திறந்து பார்த்துக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே செல்வியின் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான், மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். இடமிருந்து நேராக வந்துகொண்டிருந்த கோடு, பாதி தாண்டியதும் கிணற்றில் விழுந்த வாளி போல இறங்கியிருந்தது. "பட்டாசு கம்பெனியா?" என்றார். இல்லை என்றேன். "பிரஸ் மிஷின் ஓட்டுறீங்களா?" அதுவும் இல்லை என்றேன். சிவகாசிக்காரனுக்குக் காது போக வேறு என்ன வழி இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. நாலு கதவையும் சாத்திக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து, மற்றவர் ஸ்பீக்கருக்கெல்லாம் முழு வால்யூம் வைத்துப் பார்த்ததில் போன காது இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீங்க, பேச்சு நல்லாக் கேக்கும். மெல்லிசான சத்தம் மட்டும்தான் கேக்காது. அதை வச்சா நீங்க பொழைக்கப் போறீங்க?"

வாயால் செய்து காட்டவும்

அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். எங்கள் ரோட்டில் என் கடையைத் தவிர இன்னும் இரண்டு ஆடியோ கடை இருக்கிறது. இரண்டிலும் நல்ல காது உள்ளவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கேட்காது என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், சாயங்காலத்துக்குள் சாத்தூர் வரைக்கும் போய்விடும். அதன் பிறகு கண் தெரியாதவனிடம் யார் பெயிண்ட் அடிக்கக் கொடுப்பார்கள்? பஸ்ஸில் திரும்பி வரும்போதே நானும் செல்வியும் பேசி முடிவு செய்துவிட்டோம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது. மீட்டரை வைத்துப் பாதி கண்டுபிடிக்கலாம். சத்தத்தைக் கோடு கோடாகக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிப் பார்த்தேன். கடைக்கு எதிரே ஓடுகிற பிரஸ் மிஷினையும் சேர்த்துக் காட்டி அது என்னைக் குழப்பியது. மீதிக்கு ஒரு தந்திரம் செய்தேன். வருகிறவரிடம் ரொம்பப் பெரிய ஆள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "சத்தம் எப்படி வருதுன்னு உங்க வாயால செஞ்சு காமிங்க. அதுலதான் விஷயமே இருக்கு" என்பேன்.

ஆனைக்குட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற பெருமாள்சாமி ஒரு பழைய பெட்ரோல் வேன் வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடமும் கேட்டுவிட்டேன். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ட்டிக்… ட்டிக்… ட்டிக்ட்டிக்ட்டிக்… கிர்ர்ர்" என்று முழுசாகச் செய்து காட்டினார். எதிர் டீக்கடையில் வடையைக் கடித்தவர்கள் கடித்தபடியே நின்றார்கள். உண்மையைச் சொன்னால் அந்த 'ட்டிக்' எனக்கே கேட்டது. ஆனால் அதற்கு மேலே மெல்லிசாக வேறெதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிளக்குக்குப் போகும் வயர் ஒன்று வெடித்துப்போய், ஒவ்வொரு பொறிக்கும் கரண்ட் வெளியே கசிந்து ரேடியோவில் 'ட்டிக்' போட்டுக்கொண்டிருந்தது. வயரை மாற்றிவிட்டு, "இப்ப செஞ்சு காமிங்க" என்றேன். காதைக் கொடுத்துக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். "செய்யறதுக்கு ஒண்ணுமில்லையே" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் பட்ட சந்தோஷம் அவருக்குத் தெரிந்திருக்காது. வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எம் பேரன் முன்னால கூட நான் இப்படிச் சத்தம் போட்டதில்லய்யா, வெளிய சொல்லிராதீக."

சாமி பட லைட்டு

ஒரு பட்டாசு ஏஜெண்டின் காரில் எஃப்.எம். மட்டும் கரகரவென்றது. பென் டிரைவில் பாட்டு தெளிவாக வந்தது. ஏரியலைப் பார்த்தேன், எர்த்தைப் பார்த்தேன், செட்டையே கழற்றி வேறு செட் மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், "இருக்கு… இருக்கு… இன்னும் இருக்கு" என்று ஏலம் விடுவது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் டேஷ்போர்டில் அவருடைய அம்மா வைத்திருந்த சாமி படத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றி மினுக் மினுக்கென்று ஓடுகிற கலர் லைட். அதன் வயரைப் பிடுங்கினேன். "இல்லை" என்றார். சொருகினேன், "இருக்கு" என்றார். மினுக்குகிற அந்த விளக்குக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்தான் ரேடியோ அலையில் இரைச்சலைப் பரப்பி ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, சும்மா நின்று எரிகிற சின்ன குண்டு பல்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சந்தோஷம்தான், இருந்தாலும் முகத்தில் ஒரு கவலை. "எல்லாஞ் சரி அண்ணாச்சி. சத்தம் சாமிகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பார்ட்டி ஏறினால்

டாக்ஸி ஓட்டும் மகாலிங்கம் கொண்டுவந்தது வினோதமான கேஸ். சீசனுக்கு முன்னால் வடக்கேயிருந்து பட்டாசு ஆர்டர் கொடுக்க வரும் பார்ட்டிகளை மதுரை ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றி வருவது அவர் தொழில். "நான் மட்டும் இருந்தா சத்தம் வரமாட்டேங்கு அண்ணாச்சி, பார்ட்டி ஏறினா வருது" என்றார். ஆள் உட்காருகிற பாரத்தில் பின் சீட்டுக்கு அடியில் வயர் நசுங்குகிறது என்று முடிவு கட்டினேன். சீட்டைக் கழற்றினேன், வயரை எல்லாம் மாற்றி ஓட்டினேன். பாரத்துக்கு இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி ஓட்டினோம். மகாலிங்கம் சத்தமே இல்லை என்றார். மூட்டையை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். அப்போதும் இல்லை. மறுநாள் பார்ட்டி ஏறியது, சத்தமும் ஏறியது. இப்படியே மூன்று நாள் ஓடியது.

மூன்றாம் நாள் மதியம் செல்வி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். சாப்பாடு ஒரு சாக்கு. சிக்கலான வண்டி நிற்கிற நாளிலெல்லாம் கேரியரோடு வந்து, பக்கத்தில் நின்று, எனக்காகக் கேட்டுவிட்டுப் போவாள். கூவல் இருந்தால் முந்தானையால் முகத்தைத் துடைப்பாள், இல்லையென்றால் துடைக்கமாட்டாள். இது எங்கள் ஏற்பாடு. வேர்வையில் நிஜமாகவே முகத்தைத் துடைத்து, நல்லாயிருந்த இரண்டு வண்டியை என்னைப் பிரிக்கவைத்திருக்கிறாள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தால் முந்தானை முகத்துக்கு வந்துவிட்டது. மகாலிங்கமும், "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தி வண்டியை ஓரங்கட்டினார்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தோம். கையில் போன், போனிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் பின் சீட்டுக்காரர்களுக்கென்று மகாலிங்கம் மாட்டிவைத்திருந்த ஒரு மலிவு சார்ஜர். வந்த பார்ட்டி எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் செய்கிற முதல் காரியம் அதுதான். அரிசி மூட்டைக்கு ஏது போன்? எனக்கும் என் போனைக் கடையிலேயே போட்டுவிட்டு வருகிற பழக்கம். செல்வி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார்ஜ் இல்லைன்னு சொருகுனேன், அதுக்குப் போயி எதுக்கு ரெண்டு பேரும் இப்படி முழிக்கீக?"

பதினாலு பேர்

கருப்பசாமியின் வேன், அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போகிற வேன். பதினாலு பேர். காலையில் நாற்பது நிமிஷம், சாயங்காலம் நாற்பது நிமிஷம். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே மருந்து இருக்கிற இடத்தில் பாட்டுக்கு ஏது வழி? வீட்டுக்குப் போனால் அடுப்பு. ஆக அந்த எண்பது நிமிஷம்தான் அவர்களுக்குப் பாட்டு. அந்த வேனுக்கு செட் போட்டது நான். தீபாவளி சீசனுக்கு முன்னால் வேனுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்தார்கள். அடித்து வந்ததிலிருந்து கூவல். கருப்பசாமி கொண்டுவந்து விட்டார். மீட்டரை வைத்தேன், எல்லாம் சரி என்றது. சிக்னல் வயரை மட்டும் புதுசாக மாற்றினேன். மிதித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கருப்பசாமி அப்போது டீக்கடையில் இருந்தார். செல்வி ஊருக்குப் போயிருந்தாள். சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் செய்த தப்பு அது. எனக்குக் கேட்காததை, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில், வேன் நேராக என் கடை வாசலில் வந்து நின்றது. பதினாலு பேரும் உள்ளே இருந்தார்கள். "அண்ணாச்சி, நீங்களே கேளுங்க" என்றாள் ஒருத்தி. உள்ளே ஏறி நின்றேன். கருப்பசாமி மிதித்தார். அத்தனை பேரும் முகத்தைச் சுளித்தார்கள். நானும் அவசரமாகச் சுளித்தேன். பழக்கதோஷத்தில், "எப்படி வருதுன்னு செஞ்சு காமிங்க" என்று சொல்லிவிட்டேன். பதிமூணு பேர் சேர்ந்து 'உய்ய்ய்ங்ங்' என்றார்கள். எதிர் பிரஸ்ஸில் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மாரியம்மாள் மட்டும் சேராமல், சீட்டுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், விரலெல்லாம் வெள்ளி நிறமாக மருந்து ஏறியிருந்தது. "இந்தக் கறுப்பு வயரு எங்க போயி முடியுது?" என்று கேட்டாள். எர்த் வயர், வண்டி பாடியில் போல்ட்டு போட்டு முடிகிறது என்றேன். "அந்த எடத்தையும் சேத்துல்ல பெயிண்ட் அடிச்சிருக்கான்" என்றாள்.

அவள் கதையைச் சொன்னாள். கம்பெனியில் அவர்கள் ரூமுக்குள் வேலைக்கு நுழையும் முன், வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் தரைக்கு இறங்கிவிடும். இல்லையென்றால் மருந்தில் ஒரு பொறி போதும். ஒரு வருஷம் கம்பெனிக்கு வெள்ளையடிக்க வந்தவன், கதவு நிலையோடு சேர்த்துத் தகட்டுக்கும் அழகாகப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விட்டான். இவர்களும் பாதி நாள் அதையே தொட்டுத் தொட்டு உள்ளே போயிருக்கிறார்கள். ஃபோர்மேன் பார்த்துவிட்டு அலறி, அத்தனை பேரையும் வெளியே கூப்பிட்டு, உப்புத்தாளை வைத்துத் தேய்த்து, செம்பு பளபளக்கும் வரைக்கும் ஒருவரையும் உள்ளே விடவில்லையாம். "பெயிண்டைத் தொட்டா எர்த் எறங்காது அண்ணாச்சி. நாங்க உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படிச்ச பாடம்" என்றாள். பெயிண்டர் போல்ட்டைக் கழற்றி, அடித்து, ஈரம் காயும் முன்பே திரும்ப முடுக்கியிருந்தான். போல்ட்டின் மரை எங்கேயோ ஒரு முனையில் இரும்பைத் தொட்டதை வைத்து மீட்டர் சரி என்று சொல்லியிருக்கிறது. ஆம்ப் முழுசாக இழுக்கும்போது அந்த ஒரு முனை போதவில்லை. உப்புத்தாள் எடுத்து இரும்பு தெரியத் தேய்த்து முடுக்கினேன்.

கருப்பசாமி மிதித்தார். வேனுக்குள் ஒருவரும் பேசவில்லை. இது சத்தம் போன அமைதியா, போகாத கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பகல் முழுக்க உழைத்துக் களைத்த முகங்கள், அதில் என்ன படிக்க முடியும்? பக்கத்தில் செல்வி இல்லை, முந்தானை இல்லை. மாரியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள், மெதுவாகத்தான். பொய் சொல்ல ஒன்றும் வரவில்லை. அஞ்சாறு வருஷமா மெல்லிசு கேக்காது தாயி, கடை போயிரும்னு சொல்லலை என்றேன். டாக்டரிடம்கூட வராத அழுகை அந்த வேன் படிக்கட்டில் வந்துவிட்டது. அவள் எழுந்து, நெளிந்த தூக்குச் சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "சத்தம் போயிருச்சு, கண்ணைத் தொடைங்க. உங்களுக்கு ரெண்டு போனா என்ன, இந்த வேன்ல இருபத்தெட்டுக் காது இருக்கு."

கேட்காமலே செய்து காட்டியவர்

நல்ல மனசோடு சொன்னார்கள்தான். இருந்தாலும் பதினாலு வாய்க்குத் தெரிந்த விஷயம். மறுநாள் கடையைத் திறக்கவே மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றுவது எப்படி என்று யோசித்துக்கொண்டே ஷட்டரைத் தூக்கினேன். பத்து மணிக்கு ஒரு கார் வந்தது. முன்னே பின்னே பார்த்திராத ஆள். சாத்தூரிலிருந்து வருகிறேன் என்றார். நான் ஸ்டூலைவிட்டு எழுவதற்கு முன்னாலேயே, கார்க் கதவைக்கூடச் சாத்தாமல், ரோட்டிலேயே நின்று, "வ்வீய்ங்… மிதிச்சா ய்ய்ய்ங்… விட்டா ம்ம்ம்" என்று முழுசாகச் செய்து முடித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே" என்றேன். "இங்கன வந்தா மொதல்ல வாயால செஞ்சு காமிக்கணும், வேலை முடிஞ்சதும் கேட்டுச் சொல்லணும்னு சொல்லித்தான அனுப்புனாக" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஆனைக்குட்டத்துப் பெருமாள்சாமியாம். வெளியே சொல்லாதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன அதே பெருமாள்சாமி. சத்தம் எப்படிப் போட வேண்டும் என்று செய்தும் காட்டினாராம்.

வேறு வேலையாக அந்த நேரத்தில் வந்திருந்த பிரஸ் தங்கராஜ், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அவரிடம் கேட்டேன். புதுக் காரோடு கூவலுக்காகத் திரும்பி வந்த அன்றைக்கே தெரியும் என்றார். செல்வியின் முந்தானைகூடத் தெரியுமாம். தெரிந்தும் ஏன் என்னிடமே வருகிறீர்கள், ரோட்டில் நல்ல காது உள்ளவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் இந்த ஊரில் ஒவ்வொருவர் காலையும் தொடலாம் போல இருந்தது. தங்கராஜ் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அங்கன போனா, சத்தம் போயிருச்சுன்னு அவுகளே கேட்டு, அவுகளே சொல்லி அனுப்பிருவாக. இங்கன நாங்க போயிருச்சுன்னு சொல்ற வரைக்கும் நீங்க ஸ்பேனரைக் கீழ வைக்கமாட்டீகளே அண்ணாச்சி."

இத்தனை வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம்தான், இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டு எனக்கு மட்டும் கேட்காமல் போன கூவல்.